ஊத் வாசனை: முகர்ந்து பார்ப்பதிலிருந்து பூசுவது வரை, யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணம் ரவுனில் நண்பன் ஒருவனின் சென்ட் கடையில் பின்னேரங்களில் நானும் நிற்பேன். ஊத், அதாவது அகில் கட்டையின் வாசனை, கேட்டு வருபவர்களில் சிலர் முதல் மூச்சிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். வேறு சிலர் முதல் மூச்சிலேயே மயங்கிப் பெரிய போத்தலாக வாங்குவார்கள். இரண்டு கிழமை கழித்து "தலையிடிக்குது" என்று சொல்லி அதைத் தம்பியிடம் தள்ளிவிடுவார்கள். இரு பகுதியும் செய்யும் பிழை அவசரம்தான். ஊத்தின் அருமை தெரிவது பூசி மூன்று, நாலு மணித்தியாலம் போன பிறகு. அதனால் கீழே உள்ள படிகளை இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

எழுத்தைப் பற்றி ஒன்று. "அண்ணை, ஊத்தை எடுங்கோ" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்தவர்கள் கடையில் உண்டு. நம்மூரில் ஊத்தை என்றால் அழுக்கல்லவா? ஆகவே அந்த உருபை இந்தக் கட்டுரையில் தவிர்த்திருக்கிறேன்.

1. வீட்டிலிருந்து வெளிக்கிட முன்

கடைக்குப் போகும் நாளில் சென்ட், பவுடர், மணக்கிற கிரீம் எதுவும் வேண்டாம். எண்ணெய் முழுக்கு நாளும் வேண்டாம். நல்லெண்ணெயின் வாசம் தோலில் ஊறியிருந்தால் அதற்கு மேல் பூசும் எதுவும் தன் சொந்த முகத்தைக் காட்டாது.

காலையில் போங்கள். மத்தியானச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு இருந்தால் அந்தக் கை அன்று முழுதும் பரிசோதனைக்கு உதவாது. இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, கடையில் கண்டது.

கையில் ஒரு பேனை, நான்கைந்து சின்னப் பொலித்தீன் பைகள் இருந்தால் போதும். முகரும் அட்டைகளைத் தனித்தனியே போட்டுக்கொண்டு வர அந்தப் பைகள். ஒரே சேட் பையில் மூன்று அட்டைகளையும் திணித்தால் வீட்டுக்கு வரும்போது மூன்றும் ஒரே மணமாகியிருக்கும்.

எங்கே பூசப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஏசி போட்ட கல்யாண மண்டபத்துக்கா, கந்தோருக்கா, வீட்டில் மாலை நேரத்துக்கா? ஏனென்றால் இரண்டாம் படியில் வரும் நான்கு சாமான்களில் எது என்பதை இந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

2. "ஊத்" என்று கடையில் இருப்பது என்ன

அரபியில் ஊத் என்றால் கட்டை. நம் பழைய பாட்டுகளில் வருகிற அகில்தான் இது. அக்குவிலேரியா இனத்து மரம் காயப்பட்டு அதில் பூஞ்சணம் ஏறும்போது, தன்னைக் காத்துக்கொள்ள மரம் கருமையான பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டைதான் மணக்கும். நோய் தொடாத மரம் வெளிறி, இலேசாக, மணமில்லாமல் கிடக்கும். எல்லா மரத்திலும் பிசின் வருவதில்லை. நல்ல பிசின் ஊறவும் ஆண்டுக்கணக்கு வேண்டும். விலை ஏறி நிற்பது இதனால்தான். இப்போது தோட்ட மரங்களில் துளை போட்டு வேண்டுமென்றே நோயேற்றுகிறார்கள். கடைகளுக்கு வரும் சரக்கில் நிறைய அப்படி வந்ததே.

நாட்டு மருந்துக் கடையில் அகில் என்று கேட்டால் வேறொரு மரத்தின் கட்டையும் கைக்கு வரலாம். வெள்ளகில் என்பது வேறு மரம். அதை வைத்து ஊத் இப்படித்தான் மணக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

சென்ட் கடையில் இந்தப் பெயரில் நான்கு வகை இருக்கும்:

கட்டை: கரியில் போட்டுப் புகைக்க.

தனி எண்ணெய்: கட்டையைக் காய்ச்சி வடித்தது. தெஹ்ன் அல் ஊத் என்று சொல்லி விற்பார்கள். சொட்டுக் கணக்கில் விலை.

கலப்பு அத்தர்: ஊத் எண்ணெயோடு ரோசா, சந்தனம், கஸ்தூரி வாசனை போன்றவை சேர்ந்தது. முகல்லத் என்பது இதைத்தான்.

ஸ்பிரே: மதுசாரத்தில் கரைத்த பெர்பியூம். சொகுசுக் கடைப் பெயர்களில் வருவது பெரும்பாலும் இதுதான்.

புதிதாக வருபவர்கள் இடறுவது ஸ்பிரேயில். போத்தலில் ஊத் என்று எழுதியிருப்பதால் உள்ளே மரத்து எண்ணெய் நிறைந்திருக்கிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலானவற்றில் அந்த மணத்தை வேறு பொருள்களாலும் ஆய்வுகூடத்தில் செய்த மூலக்கூறுகளாலும் கட்டியிருப்பார்கள். அது ஏமாற்று அல்ல, ஒரு கைத்திறன். 2007இல் வந்த, டொம் போர்ட் நிறுவனத்தின் ஊத் வூட் நல்ல உதாரணம். ஏலக்காய், சந்தனம், வெட்டிவேர் எல்லாம் சேர்ந்து மெதுவாக, மழுங்கிய ஓரத்தோடு மணக்கும். பழகுவதற்கு அது நல்ல வாசல். ஆனால் அதைப் பூசிப் பழகியவர் தனி எண்ணெயை முதன்முதலில் முகர்ந்தால் திடுக்கிடுவார்.

3. அட்டையில் முகரும் ஒழுங்கு

மெதுவானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள். முதலில் ஸ்பிரே, அடுத்துக் கலப்பு அத்தர், கடைசியில் தனி எண்ணெய். தலைகீழாகப் போனால் தனி எண்ணெய் மூக்கை அடைத்துவிடும், அதற்குப் பிறகு எடுத்தது எல்லாம் தண்ணீர் மாதிரித் தெரியும்.

ஒரு தடவையில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலாவதை மூக்கு முகர்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள், உண்மையில் மூன்றாவதின் மிச்சத்தைத்தான் முகர்வீர்கள்.

ஸ்பிரே அடித்த அட்டையை அரை நிமிடம் காற்றில் பிடித்துவிட்டு மூக்குக்குக் கொண்டு வாருங்கள். மதுசாரம் போகாமல் முகர்ந்தால் எரிவுதான் மிஞ்சும். அட்டையின் நுனியில் அது எந்தச் சென்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இடையில் கோப்பிக் கொட்டை நீட்டுவார்கள். வாங்காவிட்டாலும் நட்டமில்லை. கோப்பியும் இன்னொரு கடும் மணம்தான். கடை வாசலில் நின்று இரண்டு மூச்சு விடுங்கள், அல்லது சொந்தச் சேட் கையை முகருங்கள். அது போதும்.

தனி எண்ணெய் பார்க்கும்போது கடைக்காரர் "ஹிந்தி", "கம்போடி" என்று இரண்டு பெயர் சொல்லக்கூடும். ஹிந்தி என்பது அசாம் பக்கத்துக் கட்டையின் பாணி. பதனிட்ட தோல், புகை, மாட்டுக் கொட்டில் மாதிரி மணக்கும். காய்ச்ச முன் கட்டையைத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போடுவதும் அந்தக் கொட்டில் வாசத்துக்கு ஒரு காரணம். கம்போடி அதைவிட இனிப்பு. எனக்கு அது பினாட்டை நினைவுபடுத்தும், காய்ந்த பனம்பழத்தின் அந்த இனிப்பும் புளிப்பும். முதல் ஊத் என்றால் கம்போடிப் பக்கம் போவதே நல்லது என்பது என் எண்ணம். ஹிந்தியை இரண்டாவது ஆண்டுக்கு வையுங்கள்.

4. தோலில் பூசி ஊரைச் சுற்றுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள், இங்கேதான் முழு விசயமும் இருக்கிறது.

அட்டையில் பிடித்த இரண்டை மட்டும் எடுங்கள். ஒன்றை இடது மணிக்கட்டில், மற்றதை வலது முழங்கை மடிப்பில். அருகருகே பூசினால் இரண்டும் கலந்துவிடும். எண்ணெய் என்றால் குச்சியால் ஒரு தொடுகை. ஸ்பிரே என்றால் ஒரு அடி. தேய்க்க வேண்டாம். தேய்த்தால் முதலில் எழும் இலேசான மணம் சூட்டில் விரைந்து போய்விடும், அதைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். தோல் நொய்மையானவர்கள் எண்ணெயை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாள் வைத்துப் பார்க்கட்டும்.

இனிக் கடையை விட்டு வெளியே வாருங்கள். காசு கொடுக்க வேண்டாம். கடைக்குள் நிற்கும்வரை கடையின் மணம்தான் உங்களைச் சுற்றி இருக்கும். பெரிய கடைப் பக்கம் போங்கள், கஸ்தூரியார் வீதியால் நடவுங்கள். பெயரிலேயே கஸ்தூரி உள்ள வீதியில் ஊத் மணக்க நடப்பது பொருத்தம்தான்.

நாலு நேரத்தில் முகருங்கள்: பத்து நிமிடம், ஒரு மணித்தியாலம், நாலு மணித்தியாலம், அடுத்த நாள் விடிய. முதல் பத்து நிமிடம் கூர்மையாக, சில வேளை மருந்துக்கடை மாதிரி இருக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் ரோசாவோ குங்குமப்பூவோ முன்னுக்கு வரும். நாலாவது மணியில்தான் கட்டையின் மணம் தோலோடு ஒட்டிக்கொண்டு தனியே நிற்கும். ஊத்தின் கனமான மூலக்கூறுகள் மெதுவாகத்தான் ஆவியாகும். ஆகவே எலுமிச்சை போன்ற இலேசான மணங்கள் போய் முடிந்த பிறகே அதன் முறை வரும்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க ஒரு பொடியன் வந்தான். தனி எண்ணெயைக் கையில் தொட்டு வைத்ததும் "அண்ணை, இது மாட்டுக் கொட்டில் மாதிரி மணக்குது" என்றான். கழுவ வேண்டாம், தையல் கடையில் சேட் எடுத்துக்கொண்டு திரும்பி வா என்றேன். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தவன் மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. "காலமை பூசினதோ இது? அப்பப்பாவின்ர புகையிலைக் கொட்டில் மணக்குது அண்ணை." பழைய புகையிலை, காய்ந்த ஓலை, கொஞ்சம் இனிப்பு. அதைத்தான் அவன் சொன்னான். ஒரு சின்னக் குப்பி வாங்கினான்.

அவன் செய்ததைப் போல உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிவையுங்கள். "பழைய புத்தக அலுமாரி", "மழைக்குப் பிறகு விறகு", "பனங்கட்டி" என்று எதுவாகவும் இருக்கட்டும். போத்தல் பெட்டியில் அச்சடித்த வருணனையை எழுதினால் அடுத்த கிழமை அது உங்களுக்கு எதையும் ஞாபகப்படுத்தாது.

ஒரு எச்சரிக்கை. அரை மணித்தியாலத்தில் "மணம் போய்விட்டது" என்று தோன்றும். போயிருக்காது. ஒரே மணத்தோடு இருந்தால் மூக்கு அதைக் கேட்பதை நிறுத்திவிடும். பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள், அவருக்கு நன்றாகவே வரும். இது தெரியாமல்தான் மேலும் மேலும் அடித்துக்கொண்டு பஸ் முழுவதையும் மணக்கவைக்கிறார்கள். பருத்தித்துறை பஸ்ஸில் ஒரு தடவை அப்படி ஏறியவன் நான். பக்கத்தில் இருந்த அம்மா யன்னலைத் திறந்தார், பிறகு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணம் வரும்வரை அந்த இருக்கையில் வேறு யாரும் இருக்கவில்லை.

5. வாங்கும்போது

சின்னதாக வாங்குங்கள். அத்தர்க் கடைகளில் தோலாக் கணக்கு. எடையில் ஒரு தோலா 11.66 கிராம், போத்தலில் ஏறத்தாழ 12 மில்லிலீற்றர் என்று கொடுப்பார்கள். கால் தோலா, அதாவது 3 மில்லிலீற்றர், முதல் தடவைக்குத் தாராளம். ஒரு தொடுகை போதும் என்பதால் அதுவே மாதக்கணக்கில் வரும்.

"இது ஒறிஜினலோ?" என்ற கேள்வியால் பயனில்லை. இல்லை என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்? "தனி எண்ணெயா கலப்பா? எந்த நாட்டுக் கட்டை?" என்று கேளுங்கள். தெரிந்தவர் தயங்காமல் சொல்வார், தெரியாதவர் பேச்சை விலைக்கு மாற்றுவார்.

கட்டை வாங்கினால் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு நன்றாக இறங்கினால் சாயம் ஏற்றியது. பிசின் உள்ள கட்டை தண்ணீரில் தாழும் என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், பாரம் ஏற்றிய கட்டையும் தாழும். சிறு துண்டைச் சூட்டில் வைத்தால் நல்ல கட்டையின் ஓரத்தில் பிசின் குமிழி விடும். அது நம்பிக்கையான அடையாளம்.

ஸ்பிரே என்றால் பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் போத்தலின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் போலியாக இருக்கலாம், வேறாக இருந்தால் கட்டாயம் விட்டுவிடுங்கள்.

6. வெளிநாட்டுச் சொந்தம் கொண்டுவரும் போத்தல்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் சித்தப்பாவிடம் பெரிய போத்தல் கேட்க முன் முதலில் சாம்பிள் குப்பி அனுப்பச் சொல்லுங்கள். அங்கே குளிரில் அவருக்கு அழகாக மணந்தது இங்கே சித்திரை வெயிலில் கழுத்தைப் பிடிக்கும். கைப்பையில் கொண்டுவருவதானால் பல விமான நிலையங்களில் ஒரு போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேல் போனால் விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. இலங்கையின் ஈரவலயக் காட்டில் வளரும் வல்லப்பட்டை, ஊத் மரத்துக்கு நெருங்கிய சொந்தம், அதிலும் இதே பிசின் ஊறும். அழிவு அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் 2004 மாநாட்டு முடிவின்படி இந்த இரண்டு மரப் பேரினங்களும் முழுதாக அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதியில்லாமல் வல்லப்பட்டையை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போவது குற்றம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். "ஒரு துண்டுதானே, ஞாபகத்துக்கு" என்று யார் கேட்டாலும் பயணப் பையில் வைக்க வேண்டாம்.

7. பூசும் முறை

குளித்து, உடம்பு முழுதாக உலர்ந்த பிறகு பூசுங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக் கல்லுக்குள்ளால் வருவது. சவர்க்காரம் போகாமல் ஒட்டிக்கொள்ளும், தோல் வறண்டு இழுக்கும். வறண்ட தோலில் மணம் நிற்காது. மணமில்லாத கிரீம் கொஞ்சம் தடவிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

அளவு: எண்ணெய் என்றால் இரண்டு தொடுகை. ஸ்பிரே என்றால் பகல் வெயிலுக்கு இரண்டு அடி, ஏசி மண்டபத்துக்கு மூன்று. சூட்டில் மணம் பெருகிப் பாயும், குளிரில் தோலோடு கிடக்கும். மார்கழி மழையில் பூசிய அளவை வைகாசியில் பூசினால் அதிகமாகிவிடும்.

இடம்: சேட்டுக்குள் நெஞ்சு, முழங்கை மடிப்பு. மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் கழுத்தைத் தவிர்க்கலாம். சில பெர்பியூம்களில் உள்ள எலுமிச்சைக் குடும்பத்து எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலில் கறுப்புத் தடம் விடும்.

பூசிவிட்டு உடனே உடுப்புப் போடாதீர்கள். தனி எண்ணெய் மண்ணிறம். அக்காவின் கல்யாணத்தன்று அவசரத்தில் பூசிக்கொண்டு பட்டு வேட்டி கட்டினேன். இடுப்பருகே தேத்தண்ணி சிந்தியது போல ஒரு வட்டம் விழுந்தது. படங்களில் எல்லாம் அந்த இடத்தில் என் கை இருக்கும். பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம். பெண்கள் முத்து மாலையையும் பூச்சு நகையையும் பூசி முடித்த பிறகு போடுங்கள், மதுசாரம் அவற்றின் மினுக்கத்தை மங்கவைக்கும்.

தலையில் மல்லிகை வைத்திருந்தால் இனிப்பான கலப்பு அத்தரை விடப் புகைக் கட்டை வாசம் உள்ளதே பொருந்தும். இனிப்புக்கு மேல் இனிப்பு திகட்டும்.

8. புகை போடுதல்

வீட்டில் சாம்பிராணி போடும் தூபக்காலே போதும், ஆனால் சாம்பிராணி போடுவது போல இதைப் போடக்கூடாது. சிரட்டைக் கரியைத் தணலாக்கி, மேலே சாம்பல் படியும்வரை பொறுங்கள். அதற்கு மேல் இன்னும் ஒரு மெல்லிய சாம்பல் தூவி, புளியங்கொட்டை அளவு கட்டைத் துண்டை வையுங்கள். சிவந்த தணலில் நேரே போட்டால் பிசின் மணக்க முன்னர் மரம் கருகிவிடும், உங்களுக்குக் கிடைப்பது விறகுப் புகை. துண்டு எரிந்த மணம் எழுப்பத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

உடுப்புக்குப் புகை பிடிப்பதானால் கொடியில் தொங்கவிட்டு, முழ உயரம் கீழே தூபக்காலை வையுங்கள். பருத்தியும் பட்டும் மணத்தை நன்றாகப் பிடிக்கும். நைலோன் சேலை பொசுங்கும். ஒரு யன்னலாவது திறந்திருக்கட்டும். வீட்டில் தொய்வு (ஆஸ்மா) உள்ளவர்கள் இருந்தால் இந்தப் படியையே விட்டுவிடுங்கள்.

9. பூசக்கூடாத இடங்கள்

ஆஸ்பத்திரி, செத்த வீடு, கொழும்பு ரயிலின் ஏசிப் பெட்டி. கடைசியில் சொன்னதில் மணித்தியாலக் கணக்கில் யன்னல் திறக்க முடியாமல் மற்றவர்கள் உங்களோடு இருக்கவேண்டும்.

நல்லூர்த் திருவிழாவில் ஆண்கள் மேல் சேட் இல்லாமல்தான் உள்ளே போகிறோம். வியர்வை, கூட்டம், கற்பூரம், சந்தனம் எல்லாம் சேர்ந்த இடத்தில் உங்கள் விலை கூடிய எண்ணெய் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் தொந்தரவாகத்தான் தெரியும். அந்த 25 நாளும் சந்தனமே போதும்.

10. வைக்கும் இடம்

வெளிச்சமும் சூடும் இரண்டு எதிரிகள். யன்னல் கட்டு, குளியலறைத் தட்டு, கார் முன்பலகை மூன்றும் வேண்டாம். அலுமாரியில் உடுப்புகளுக்குப் பின்னால், பெட்டியோடே வையுங்கள். தகரக் கூரை வீடு என்றால் மேல்தட்டை விடக் கீழ்த்தட்டு குளிர்ச்சி.

கட்டைத் துண்டுகளைப் பனையோலைப் பெட்டியில் போடவேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் ஓலை காற்று விடும், வாடைக் காலத்து ஈரமும் ஏறும். இறுக்கி மூடும் கண்ணாடிப் போத்தல் நல்லது.

தனி எண்ணெய் நாள்போக்கில் நிறம் கடுத்து, கூர்மை குறைந்து வரும். அது கெட்டதன் அடையாளமல்ல. ஸ்பிரே புளித்த மணம் அடித்தால் அது கெட்டது. வாங்கிய திகதியைச் சின்னக் காகிதத்தில் எழுதிக் குப்பியின் அடியில் ஒட்டிவையுங்கள். எண்ணெய் பட்டால் பேனை மை கரையும், பென்சிலால் எழுதுங்கள்.